நீர் எல்ஃபுக்கு ஒரு முழுக்குச் சான்றிதழ்

ஒரு காட்டில் எல்லா மிருகங்களும் ஒரே ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தன. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடின என்று சொன்னால் மிகையில்லை. ஏன் என்பது பின்னால் வருகிறது, அவசரப்பட வேண்டாம்.

காட்டு பங்களாவில் தங்கிப் போன கல்லூரிக் கூட்டமொன்று ஒரு பெட்டியை மறந்துவிட்டுப் போனது. அதற்குள் இருபது முகமுள்ள ஒரு பகடை, ஓர் ஆட்டப் பலகை, ஒரு கட்டு படிவங்கள், தடிமனாக ஒரு விதிப்புத்தகம். ஆடுகிறவர் முதலில் ஓர் இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனிதர், குள்ளர், அரக்கர், எல்ஃப் என்று எத்தனையோ இனங்கள். எல்ஃப் என்றால் கூரான காதும் ஒல்லியான உடம்புமாக, ஆயிரம் வருஷம் சாகாமல் இருந்து மற்றவர்களை இளக்காரமாகப் பார்க்கிற ஒரு கூட்டம். இனத்தைப் படிவத்தில் எழுதியபின் பகடையை உருட்டி, இல்லாத ஒரு தேசத்தில் பயணம் போக வேண்டும். கைகால் அசையாமல் ஊர் சுற்றலாம் என்பதால் கரடிக்கு இது மிகவும் பிடித்துப் போனது.

ஆட்டத்தை நடத்தியது ஒரு பெண் இருவாச்சி. இருவாச்சிகள் முட்டையிட்டால் மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம்தான் மிச்சம். நாலு மாதம் வெளியே வர முடியாது. வீட்டுக்காரர் அத்திப்பழத்தோடு விதிப்புத்தகத்தையும் துவாரத்தின் வழியே திணித்துவிட்டுப் போக, அந்த அம்மாள் அதை ஏழு முறை படித்து முடித்தார். ஒரு துவாரமும் நாலு மாத ஓய்வும் ஒரு விதிப்புத்தகமும் கிடைத்தால் யாராக இருந்தாலும் அதிகாரியாகத்தான் ஆவார்கள். துவாரம் கவுன்ட்டர் ஆனது. கவுன்ட்டருக்கு முன்னால் வரிசை வந்தது.

முதல் வேலையாக இருவாச்சி மேடம் ஓர் உத்தரவு போட்டார். பலகையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிறவரை யாரும் தின்னக்கூடாது. ஆட்டத்தில் ஒருவருடைய பாத்திரம் செத்துப்போனால் அவர் பலகையை விட்டு நீக்கப்படுவார். அதன்பிறகு அவர் எல்லோர் வாய்க்கும் பொது. இந்த உத்தரவு தரை முழுக்கச் செல்லும், தண்ணீருக்குள் செல்லாது.

மான்களும் முயல்களும் உத்தரவின் முன்பாதியைப் படித்துவிட்டு ஓடிவந்து வரிசையில் நின்றன. புலியும் சிறுத்தையும் பின்பாதியைப் படித்துவிட்டு வந்து நின்றன.

மருக்கொழுந்து வந்து சேர்ந்தபோது வரிசையே முடிந்துவிட்டது. அவள் ஒரு சருகுமான். முயல் அளவு உடம்பு, பென்சில் போலக் கால்கள், கொம்பு என்று ஒன்றும் கிடையாது. அந்த வம்சமே காய்ந்த இலைகளுக்குள் ஒளிந்து, தனியாகவே வாழ்ந்து, தனியாகவே பயந்து செத்துப்போகிற வம்சம். மருக்கொழுந்து ஒரு சருகை மிதித்தால்கூட அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த காலை எடுத்து வைப்பாள். இப்படி மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வந்ததில்தான் தாமதம்.

"பேரு?" என்றது துவாரம்.

"மருக்கொழுந்துங்க மேடம்."

"இனம்?"

"அரக்கர் இருந்தா போடுங்க."

"அரக்கரை முயல் எடுத்துட்டுப் போயிடுச்சு. குள்ளர் யானைக்குப் போச்சு. எல்ஃப் இளவரசி காட்டுப்பன்றிக்கு. நீர் எல்ஃப் ஒண்ணுதான் பாக்கி."

"அதை ஏன் மேடம் யாரும் எடுக்கலை?"

"உனக்குக் காது கூராத்தான இருக்கு? பொருத்தமா இருக்கும். அடுத்தவங்க வாங்க."

அடுத்தவர் யாரும் இல்லை. மருக்கொழுந்து படிவத்தை வாங்கிக்கொண்டு ஓரமாக வந்து படித்தாள். நீர் எல்ஃப் தண்ணீருக்கடியில் மூச்சு விடலாம். மீன்களோடு பேசலாம். விரல்களுக்கு நடுவே சவ்வு உண்டு. கேட்கவே நன்றாக இருந்தது. கீழே பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: நீர் எல்ஃப் தினமும் ஒரு முறை தண்ணீரில் முழுக வேண்டும், தவறினால் நாளுக்கு ஐந்து உயிர்ப்புள்ளி குறையும், முழுகினால் போனதெல்லாம் திரும்பும். மொத்தம் இருந்ததே பதினைந்து புள்ளி.

இதிலென்ன, தினமும் முழுகினால் போயிற்று என்று நீங்கள் நினைக்கலாம். இருவாச்சி மேடம் புத்தகத்தைப் படித்து முடித்ததும் அதைக் கிழித்துக் குஞ்சுகளுக்குப் படுக்கை போட்டுவிட்டார். மிச்சம் வைத்தது பாலைவன அத்தியாயம் மட்டும். ஆகவே கதை முழுக்க முழுக்கப் பாலைவனத்தில்தான் நடந்தது. நீர் எல்ஃபை யாரும் தொடாததன் ரகசியம் இதுதான்.

முதல் நாள் ஆட்டத்தில் மருக்கொழுந்தின் எல்ஃப் மணலில் நடந்து பத்துப் புள்ளிக்கு இறங்கியது. எதிரே உட்கார்ந்திருந்த சிறுத்தை தான் உருட்டிய பகடையைக்கூடப் பார்க்காமல் அவளையே பார்த்தான். அவன் பாத்திரம் ஒரு நாடோடி வாள்வீரன்.

"எல்ஃப் எப்படி இருக்காங்க?" என்று கனிவாகக் கேட்டான்.

"பத்துங்கண்ணே."

"உடம்பைப் பாத்துக்கணும்மா. உனக்கு என்ன எடை இருக்கும், ஒரு மூணு கிலோ?"

மறுநாள் எல்ஃப் ஐந்துக்கு வந்தது. சிறுத்தை இரண்டு பேரை நகரச் சொல்லிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

மருக்கொழுந்துக்குச் சாகப் பயம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய துக்கம் ஒன்று இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் யார் பக்கத்திலும் உட்கார்ந்ததில்லை. இந்த இரண்டு நாளில்தான் முள்ளம்பன்றி அவள் சொன்ன ஒரு சின்ன ஜோக்குக்கு முள் குலுங்கச் சிரித்தது. யானை அவளுக்காகப் பகடையை எடுத்துக் கொடுத்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு மறுபடி சருகுக்குள் போக அவளுக்கு மனசே வரவில்லை. நேரே துவாரத்துக்குப் போனாள்.

"மேடம், பாலைவனத்துல எங்கயாவது ஒரு குட்டை கிட்டை இருந்தா சொல்லுங்க."

"இல்லை." உள்ளே தாள் புரளும் சத்தம் கேட்டது. "ஆனா ஒரு வழி இருக்கு. கதையில தண்ணி இல்லைன்னா ஆட்டக்காரரே நேர்ல போய் முழுகலாம். நான் வெளிய வந்து பாக்க முடியாதில்ல? அதனால தண்ணியிலேயே நிரந்தரமா குடியிருக்கிற ஒருத்தர்கிட்ட சான்றொப்பம் வாங்கி இணைக்கணும்."

"தவளைகிட்ட வாங்கலாமாங்க?"

"தவளை பாதி நாள் தரையில இருக்கு. செல்லாது."

மீன்களுக்கு எழுதத் தெரியாது. ஆமை தன் வீட்டைத் தானே தூக்கிக்கொண்டு திரிவதால் நிரந்தர முகவரி இல்லை. மிஞ்சியது ஆற்று மடுவில் இருந்த முதலை. மருக்கொழுந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, நாளைக்குப் புள்ளி பூஜ்யம் என்பது ஞாபகம் வந்து, படிவத்தை வாயில் கவ்விக்கொண்டு மடுவுக்கு நடந்தாள்.

மடுக்கரையில் ஒரு பெரிய மருத மரம். தண்ணீரில் இரண்டு கண்கள் மேலே வந்தன.

"என்ன?" என்றது முதலை.

"ஒரு சான்றொப்பம் வேணுங்கய்யா."

முதலையிடம் இதுவரை யாரும் ஒரு காகிதத்தோடு வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாம் தாகத்தோடு வந்து அலறலோடு போனவர்கள், அல்லது போகாதவர்கள். முதலை படிவத்தை வாங்கி முன்பக்கம் படித்தது. திருப்பிப் பின்பக்கம் படித்தது. மறுபடி முன்பக்கம். பிறகு, யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே, "நகல் எங்க?" என்று கேட்டது. சிலருக்கு இதெல்லாம் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. இனி முதலையார் என்றே சொல்வோம்.

"நகல் நாளைக்குக் கொண்டுவரேங்கய்யா."

"சரி, முழுகு."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு முழுகினாள். குளிர் நெற்றிவரை ஏறியது. உள்ளே போனபின்தான் கண்ணைத் திறந்தாள். ஒரு கெண்டைக் குஞ்சு அவள் மூக்குக்கு நேரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கால்களுக்குக் கனமே இல்லை. மிதிக்கச் சருகும் இல்லை, மன்னிப்புக் கேட்க ஆளும் இல்லை. இத்தனை நாள் இதை யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

மேலே வந்தபோது முதலையார் நகத்தைச் சேற்றில் தோய்த்து எழுதிக்கொண்டிருந்தார். 'மேற்படி விண்ணப்பதாரர் என் முன்னிலையில் முழுவதுமாக நீரில் மூழ்கினார் எனச் சான்றளிக்கிறேன்.' கீழே ஒரே ஒரு பல்லை வைத்து அழுத்தி முத்திரை போட்டார்.

"ஒரு விஷயம் சொல்லிடறேன்," என்றார். "காலையில வேலை, மத்தியானம் சாப்பாடு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க மாட்டேன். இந்த மரத்து நிழல் வேருக்குள்ள வந்துட்டா கவுன்ட்டர் மூடிரும். அதுக்கப்புறம் இங்க நிக்கிறவங்க விண்ணப்பதாரர் இல்லை."

"அப்ப அவங்க யாருங்கய்யா?"

முதலையார் நிழலைப் பார்த்தார். வேருக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது. அந்த ஒரு சாண் முடிவதற்குள் மருக்கொழுந்து பாதிக் காட்டைத் தாண்டிவிட்டாள்.

எல்ஃப் மறுபடி பதினைந்துக்கு வந்தது. அவள் தினமும் போய் முழுகினாள், தினமும் சான்றிதழ் வாங்கினாள். இதற்குள் பாலைவனம் மற்றவர்களை ஒரு கை பார்த்தது. முயலின் அரக்கன் நாக்கு வறண்டு விழுந்தான். யானையின் குள்ளனுக்கு மூன்று புள்ளிதான் மிச்சம். நீர் எல்ஃப் மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டு மணலில் நடந்தாள். ஒரு வாரம் இதைப் பார்த்த பலகை, எட்டாம் நாள் மொத்தமாக எழுந்து துவாரத்துக்குப் போனது. எல்லோருக்கும் நீர் எல்ஃப் வேண்டும்.

"இன மாற்ற விண்ணப்பம், ரெண்டு பிரதி," என்றார் இருவாச்சி மேடம். "இணைப்பு, முழுக்குச் சான்றிதழ்."

வரிசை மடுவுக்கு மாறியது. யானை முழுகியபோது தண்ணீர் கரையேறிப் பின்னால் நின்ற ஆறு பேரையும் நனைத்துவிட்டது. அவர்கள் அதையே கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி மனு கொடுத்தார்கள். "நனைதல் வேறு, முழுகுதல் வேறு," என்று முதலையார் நிராகரித்தார். காட்டுப்பன்றி சேற்றில் முழுகிவிட்டு வந்து விவாதம் செய்தது. முள்ளம்பன்றி ஒவ்வொரு முள்ளாக நனைத்துக் காட்டியதில் அரை நாள் போயிற்று. எப்படியோ அந்த வாரக் கடைசியில் பாலைவனத்தில் பதினோரு நீர் எல்ஃபுகள் சொட்டச் சொட்ட நடந்தார்கள். எதிரே வந்த ஒட்டகக் கொள்ளைக்காரர்கள் இதென்ன கண்ணராவி என்று திரும்பிப் போனார்கள்.

சிறுத்தை மட்டும் மாறவில்லை. "நாங்க பூனை வம்சம். தண்ணியில இறங்குறது எங்க பரம்பரையிலேயே கிடையாது," என்றான். அவன் வாள்வீரன் ஏழுக்கு வந்தான், நாலுக்கு வந்தான், ஒன்றுக்கு வந்தான். அன்றைக்குப் புலி இரண்டு பேரை நகரச் சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"வாள்வீரன் எப்படிப்பா இருக்கான்?" என்று கேட்டது.

மறுநாள் காலை முழுவதும் சிறுத்தை, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே புதரில் கிடந்தான். மடுக்கரையில் வரிசை கரைந்து, கடைசியாக மருக்கொழுந்து மட்டும் நின்றாள். நிழல் வேருக்கு நாலு விரல் தூரத்தில் இருந்தது. இன்றைக்கு ஐந்து புள்ளி போனால் போகட்டும் என்று அவள் திரும்பியபோது சிறுத்தை வந்து இடித்தான்.

"தள்ளு."

"அண்ணே, நேரமாயிடுச்சு. சாருக்குச் சாப்பாட்டு நேரம்."

"எனக்கே நேரம் சொல்லித் தர்றியா?"

"நிழலைப் பாருங்கண்ணே. ரெண்டு விரல்தான் இருக்கு."

"உனக்குப் பின்னால நான் வந்து நிக்கணும், அதான உன் ஆசை? மூணு கிலோ இருந்துக்கிட்டு என்ன பேச்சு."

மூன்றாவது முறை மருக்கொழுந்து சொல்லவில்லை. வழிவிட்டுக் கரையேறி ஒரு பாறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

சிறுத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் படிவத்தை நீட்டினான். முதலையார் முன்பக்கம் படித்தார். திருப்பினார்.

"பின்பக்கம் கையெழுத்து இல்லையே."

சிறுத்தை கையெழுத்துப் போட்டான். நிழல் வேருக்குள் வந்தது. முதலையார் படிவம் நனையாமல் அதைக் கரையில் வைத்து, பறந்துவிடாமல் ஒரு கல்லையும் தூக்கி அதன்மேல் வைத்தார். பிறகு சாப்பாட்டு நேரம்.

மருக்கொழுந்துக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படிச் சந்தோஷப்படலாமா என்று கொஞ்சம் வெட்கப்பட்டாள். ஒரு நாவல் பழம் தின்கிற நேரம் வெட்கப்பட்டிருப்பாள்.

இடைவேளை முடிந்ததும் முதலையார் நிலுவையில் இருந்த கோப்பை எடுத்தார். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. 'விண்ணப்பதாரர் என் முன்னிலையில் முழுவதுமாகவும் நிரந்தரமாகவும் மூழ்கினார்' என்று எழுதி, பல் முத்திரை வைத்து, கரையில் நின்றவளிடம் கொடுத்தனுப்பினார்.

இருவாச்சி மேடம் முத்திரையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் கையெழுத்தைப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. சிறுத்தை, நீர் எல்ஃப், பதினைஞ்சு புள்ளி. நிரந்தரம்னு போட்டிருக்கிறதால தினமும் புதுப்பிக்க வேண்டாம்."

"மேடம், அவரு வந்து..."

"இணைப்பு சரியா இருக்கா, இல்லையா?"

"இருக்குங்க மேடம்."

"அப்புறம் என்ன? போய் உக்காரு."

மறுநாள் ஆட்டம் தொடங்கியது. "சிறுத்தை உருட்டலாம்," என்றது துவாரம். யாரும் உருட்டவில்லை. புலி காலி இடத்தைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டது. "யோசிக்கிறார் போல இருக்கு, யோசிக்கட்டும்," என்றார் மேடம். இன்றைய தேதிவரை அந்தக் காட்டுக் கோப்புகளில் ஒரு புள்ளிகூடக் குறையாத ஒரே ஆட்டக்காரர் அந்தச் சிறுத்தைதான். மருக்கொழுந்து முள்ளம்பன்றிக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, பகடையை வாங்கி உருட்டினாள்.

நீதி: வரிசையில் உங்களை முந்துகிறவரை இரண்டு முறை எச்சரிப்பது நாகரிகம். மூன்றாவது முறையும் எச்சரிப்பது, கடமை தவறாத ஓர் அதிகாரியின் சோற்றில் மண்ணைப் போடுவதாகும்.