வாத்து பார்க்க வந்த மைத்துனருக்கு

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் அக்காவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. கோபம் வந்தால் எனக்கு மரியாதை கூடிவிடும் என்பது தங்களுக்குத் தெரியும், ஆகவே 'தாங்கள்' என்பதைப் பார்த்துக் குளிர்ந்துபோக வேண்டாம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நடுவில் புகுந்து பேசுவீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

போன மாதம் ஏரியில் வந்திறங்கிய காட்டு வாத்துகளைப் பார்க்க பைனாகுலரும் நோட்டுமாக வந்தீர்கள். மூன்று நாள் சேற்றில் நின்று அவற்றை எண்ணினீர்கள். வேலைவெட்டி இல்லாத மனிதர் எதையாவது எண்ணட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் ஊருக்குக் கிளம்புகிற அன்று அதே சேற்று ஷூவோடு என் முதல் கோழிக் கொட்டகைக்கு வந்தீர்களே, வாசலில் கால் நனைக்க மருந்துத் தண்ணீர் வைத்திருக்கிறேனே, அது என்ன அலங்காரத்துக்கா? "புது ஷூ மாமா, நனைஞ்சா ஒட்டு விட்டுரும்" என்று சொல்லி அதைத் தாண்டிக் குதித்தீர்கள். பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டுதலில் தம்பிக்குத்தான் முதல் பரிசு என்று தங்கள் அக்காவுக்குப் பெருமை வேறு.

ஆறாம் நாள் கோழிகள் தீனியைத் தொடவில்லை. வெயில் என்று நினைத்தேன். மறுநாள் முட்டைகள் ஓடில்லாமல் பை மாதிரி விழுந்தன, கொண்டைகள் நீலம் பாரித்தன, நாற்பது செத்தன, அடுத்த நாள் நானூறு, அதற்கப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன், எண்ணுகிற வேலைதான் தங்களுடையதாயிற்றே. கால்நடை டாக்டரம்மா வந்து கோழிகளின் மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்துப் போனார். பறவைக் காய்ச்சல் என்று முடிவு வந்தது. பிழைத்திருந்ததையும் விடக்கூடாதாம். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிய பன்னிரண்டு பேர் வந்து, எட்டாயிரம் கோழியில் மிச்சமிருந்த அத்தனையையும் ஒரே பகலில் முடித்து, கொட்டகைக்குப் பின்னால் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவினார்கள். அந்த உடுப்பில் யார் யாரென்று தெரியாது. ஒருவரை டாக்டரம்மா என்று நினைத்துக் கால்மணி நேரம் தங்களைப் பற்றிப் புகார் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு முகமூடியைத் தூக்கி, "சார், நான் லாரி டிரைவர். ஆனா உங்க மச்சினர் செஞ்சது தப்புதான்" என்றார். ஆக, அரசாங்கத் தரப்பிலும் தங்கள் மேல்தான் குற்றம்.

சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் வீட்டுக் கோழி கூட இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவை ஞாபகம் இருக்கும், தங்கள் பேண்டைச் சுருக்கிக் கொடுத்தவர். ஆறு கோழி வைத்திருந்தார். அதில் ஒன்று தையல் மிஷின் பலகையை விட்டு இறங்காது. யாரையும் தொட விடாமல் அவரே அதைத் தூக்கிக்கொண்டு வந்து சாக்கில் இறக்கினார். "என் கோழி உங்க வாசப்பக்கம் கூட வந்ததில்லையே அண்ணே" என்றார். திட்டியிருந்தால் தேவலை. நான் தங்களைத்தான் கை காட்டினேன்.

கோழிகளைத் தொட்டவன் என்பதால் எனக்குப் பத்து நாள் தனியறை. முட்டை அட்டை அடுக்கும் அறையில் கட்டில் போட்டிருக்கிறார்கள். காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்கிறேன், இதுவரை இல்லை. தங்கள் அக்கா தட்டை வாசலில் வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்று அழுகிறாள். கொட்டகையிலிருந்து சத்தமே இல்லை. இருபது வருஷமாக அந்தக் கொக்கரிப்பைத் திட்டிக்கொண்டே எழுந்தவன், இப்போது விடிந்ததா என்று தெரியாமல் படுத்துக் கிடக்கிறேன். "அவன் இனி எனக்குத் தம்பியே இல்ல" என்று அவள் சொல்லிவிட்டாள். போனிலிருந்து தங்கள் நம்பரையும் எடுத்துவிட்டாள். நானும் சரி என்றேன். இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம்.

அங்கே குழந்தைகளுக்கு என் அன்பு. தங்களுக்கு ஆசி கிடையாது என்றுதான் எழுத நினைத்தேன், வயதில் இளையவராகப் போய்விட்டதால் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. இன்று டாக்டரம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று, முதலில் எந்தக் கொட்டகையில் செத்தது என்று கேட்டார். மூன்றாவது என்றேன். "உங்க மச்சினர் அங்க போனாரா?" என்றார். நீ போகவே இல்லை. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ ஊருக்குப் போன மறுநாள் ஏரிக்கரையில் ஒரு காட்டு வாத்து கழுத்துத் திரும்பி நடுங்கிக்கொண்டு கிடந்தது. எத்தனை வருஷத் தொழில், பறவை நடுங்கினால் என் கை என்னைக் கேட்காது. தூக்கி வந்து மூன்றாவது கொட்டகையில் குஞ்சுகளுக்கு வைக்கிற சூட்டு விளக்கின் கீழ் விட்டேன், வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினேன், அதே கையோடு கோழிகளுக்குத் தீனி வைத்தேன். காலையில் அது செத்துக் கிடந்தது. யாரிடமும் சொல்லாமல் புதைத்தேன். இதை உன் அக்காவிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கடிதத்தை ஒட்டாமல்தான் அவளிடம் கொடுக்கப் போகிறேன். ஒட்டாத கடிதத்தை அவள் படிக்காமல் விடமாட்டாள். இது உனக்கு வந்து சேர்ந்தால் அவள் படித்துவிட்டாள் என்று அர்த்தம், உடனே அவளுக்குப் போன் செய். வந்து சேராவிட்டால், கிழித்துப் போட்டுவிட்டாள் என்று தெரிந்துகொள்.