ஒரு நொடியும் தடைபடாத சேவை

"கேட்டைப் பூட்டுய்யா! ஒருத்தர் உள்ள வந்தாலும் சேவை தடைபட்டுடும்!"

தனி அலுவலர் துரைக்கண்ணு போட்ட சத்தத்தில் ஜவ்வாது மலைச் சான்றிதழ் மையத்தின் கேட் பூட்டப்பட்டது. வெளியே எழுபது பேர். உள்ளே கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வெற்றிச்செல்வன், ஒரு பழைய பெட்டி, ஒரு புதுப் பெட்டி. மலையில் இருக்கிற அத்தனை பேருடைய சான்றும் பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்தது. அதையெல்லாம் புதுசுக்கு மாற்ற வேண்டும். மாற்றுங்கால் பயனாளர் எவருக்கும் ஒரு நொடியும் இடையூறு நேரலாகாது என்பது மேலிடத்து உத்தரவு.

அந்த உத்தரவை துரைக்கண்ணு மூன்று நாள் உட்கார்ந்து யோசித்திருந்தார்.

"இடையூறு யாருக்கு வரும்? பயன்படுத்தறவங்களுக்கு. பயன்படுத்த ஆளே இல்லன்னா?"

"அவ்ளோ யோசிக்கவே வாணாம் சார்," என்றான் வெற்றி. "பழசு பாட்டுக்கு ஓடட்டும், ஜனங்க வேலையும் அதுலயே நடக்கட்டும். பின்னாடியே புதுசுல நகல் ஏறட்டும். முழுசா ஏறினப்புறம் வழிய மட்டும் திருப்பிவுட்டுட்டு பழச அணைச்சிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

"ஒருத்தருக்கும் தெரியலன்னா இன்னாத்துக்குய்யா தெறப்பு விழா?"

வெற்றி புதுசில் நகல் ஏற்ற உட்கார்ந்தான்.

ஆனால் கேட்டைப் பூட்டி ஆளே வரவில்லை என்றால் சேவையே நடக்கவில்லை என்று எவனாவது எழுதிவிடுவான். ஆகவே எதிர்ப்பக்க டீக்கடை தங்கவேல் 'மாதிரிப் பயனாளர்' ஆக நியமனம் செய்யப்பட்டார். தகுதி: அவருக்கு எந்தச் சான்றும் தேவையில்லை. தேவை இருக்கிறவன் அவசரப்படுவான், அவசரப்படுகிறவன் குறை சொல்வான். தங்கவேல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வருமானச் சான்று கேட்டார். வெற்றி எடுத்துக் கொடுத்தான். 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினொரு மணிக்குள் இருபத்துநாலு தடவை திருப்தி. அந்தச் சான்றுகளில்தான் அவர் கடைப் பையன் எதிரே போண்டா மடித்துக்கொண்டிருந்தான்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். வேங்கைக்காட்டு ஜெயசுதா. காலையில் ஆறு மைல் நடந்து வந்தவள்.

"அண்ணா, சாதிச் சான்று ஒண்ணு எடுத்துக் குடுங்கண்ணா. நாலு மணிக்குள்ள நர்சிங் காலேஜ்ல காட்டணும். பன்னெண்டரை பஸ்ஸ வுட்டா சீட்டு போச்சு."

"இன்னாம்மா நீ?" என்றார் துரைக்கண்ணு. "இடையூறு வரக்கூடாதுன்னு பாடுபடறோம், நீ வந்து இடையூறு பண்றியே."

"யாருக்கு சார்?"

"பயனாளருக்கு."

"நாந்தான சார் பயனாளர்?"

"அவருதான். ஆர்டர் இருக்கு."

தங்கவேலுக்குக் கூச்சமாகப் போயிற்று. "நான் வேணா எந்திரிச்சிக்கறேன் சார்."

"உக்காருய்யா! நீ எந்திரிச்சா சேவை நின்னுடும்."

பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் முடிந்தது. புதுப் பெட்டிக்குக் கற்பூரம் காட்டி, பூசணிக்காய் சுற்றி, ரிப்பன் கட்டினார்கள்.

"சார், ஊர்ப் பேர் வரிசைல 'ப' வரைக்கும்தான் நகல் ஏறியிருக்கு. வேங்கைக்காடு கடைசி."

"அந்த ஊர்க்காரங்க அடுத்த வாரம் பொறந்ததா வெச்சுக்கலாம். நல்ல நேரம் நிக்குமா? பழச அணை."

வெற்றி மேஜைக்கு அடியில் குனிந்தான். சுவிட்சில் விரல் வைத்தான். ஜன்னலில் ஜெயசுதா அழக்கூட இல்லை, பஸ் வருகிற பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் விரலை எடுத்தான். பழைய பெட்டி மேல் ஒரு கோணிப்பையைப் போட்டு மூடிவிட்டு எழுந்தான்.

"அணைச்சிட்டியா?"

"சார்," என்றான் வெற்றி. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எல்லா ஆபீஸும் ஓடுகிறது.

ரிப்பன் வெட்டினார்கள். கேட்டுக்கு வெளியே எழுபது பேரும் கைதட்டினார்கள். எதற்கு என்று கேட்டிருந்தால் ஒருத்தருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

"முதல் சான்று குடுக்கற மாதிரி ஒரு ஃபோட்டோ வேணும். தங்கவேலு மூஞ்சி வாணாம். அந்தப் பொண்ணக் கூப்பிடு."

வேங்கைக்காடு என்று வெற்றி தட்டினான். மூன்று நொடியில் ஜெயசுதாவின் சான்று வெளியே வந்தது.

"பாத்தியா? ஏறலன்னு சொன்ன! புதுப் பொட்டிய்யா இது!" துரைக்கண்ணு அதைத் தட்டிக் கொடுத்தார். அதில் மின்சார வயரையே இன்னும் திரும்பச் சொருகவில்லை. ரிப்பன் கட்ட இடைஞ்சலாக இருக்கிறதென்று அவரே பிடுங்கி வைத்திருந்தார்.

ஜெயசுதா ஓடுவதற்கு முன் புதுப் பெட்டியோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டாள். "செம ஸ்பீடுண்ணா! அந்தப் பழச இன்னாத்துக்கு இத்தினி வருஷம் வெச்சிருந்தீங்க?" பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. கேட்டைப் பூட்டுதல், மாதிரிப் பயனாளர் நியமித்தல் ஆகிய சீரிய முறைகளை எல்லா மையங்களும் பின்பற்ற வேண்டுமாம். துரைக்கண்ணுவுக்கு சால்வை போட்டார்கள். அதைப் புதுப் பெட்டிக்குப் போர்த்தினார்.

வெற்றி அன்றைக்குச் செய்யாமல் விட்டது ஒரே ஒரு வேலை, பழசை அணைப்பது. கோணிப்பைக்கு அடியில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.