சம்பந்தியிடம் ஒப்பித்த மீன் பாடம்

கடலம்மா துணை

காரைக்கால்மேடு,
சனிக்கிழமை மாலை.

அன்பு மகள் காவ்யாவுக்கு அப்பா சொக்கநாதன் எழுதுவது. நானும் அம்மாவும் படகும் நலம். உன் நலம் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு எப்படி இருக்கும் என்று சொல்வதற்கில்லை. மத்தியானத்திலிருந்து நீ ஏழு தரம் கூப்பிட்டாய். எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று அம்மா ஒரு பொய்யைச் சொல்லி வைத்துவிட்டாள். உண்மையைப் போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் வைத்துவிடுவேன், விஷயம் பாதிதான் வந்து சேரும். அதனால் முழுசாக எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

உன்னைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும் அந்தத் தம்பியின் அப்பா அம்மா கொல்கத்தாவிலிருந்து திருநள்ளாறுக்குச் சாமி கும்பிட வருகிறார்கள், அப்படியே நம் வீட்டுக்கும் வந்து பேசுவார்கள், எனக்கு லீவு கிடைக்காது, நீங்கள் கொஞ்சம் இங்கிலீஷ் படித்துக்கொள்ளுங்கள் அப்பா என்று நீ சொன்னாய் அல்லவா? அன்றிலிருந்து ஆறு வாரம், படகை ஏற்றிப் போட்டதும் குளித்துவிட்டுக் கோவில்பத்தில் நடக்கும் இங்கிலீஷ் வகுப்புக்குப் பஸ் ஏறினேன். அங்கே உமாமகேஸ்வரி டீச்சர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தமிழில் மழை பெய்யும், காற்று வீசும். காற்று பெய்கிறது என்று யாராவது சொல்கிறோமா? அந்த மாதிரி இங்கிலீஷிலும் ஒவ்வொரு சொல்லுக்கும் கூட வரும் ஆட்கள் உண்டு, ஒரு சொல்லை எடுத்து அதன் கூட்டாளிகளை எல்லாம் பிடித்துக்கொள்ளுங்கள், பேச்சு தானாக வரும் என்றார். எல்லாரும் டீ, வீடு, வேலை என்று எடுத்தார்கள். நான் ஃபிஷ் எடுத்தேன். ஆறு வாரத்தில் மற்றவர்கள் உடம்பு, பஸ், பேங்க் என்று எங்கேயோ போய்விட்டார்கள். தெரிந்த பொருளை அரைகுறையாக விட்டுப் போக எனக்கு மனசில்லை. ஃப்ரெஷ் ஃபிஷ்ஷில் தொடங்கி ராட்டன் ஃபிஷ் வரை நாற்பத்தொன்று சேர்த்தேன். டீச்சரே நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார், பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அம்மாவின் திட்டம் வேறு. பையனின் அப்பா காலேஜ் வாத்தியார், படித்த குடும்பம், மீன் நாற்றம் பிடிக்குமோ பிடிக்காதோ என்று அவளுக்குப் பயம். வாசலில் கிடந்த வலைகளை மூன்றாம் வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஐஸ் பெட்டியை மறைத்தாள். வீடு முழுக்க பினாயிலை ஊற்றிக் கழுவினாள். சாம்பார், வடை, பாயசம் என்று சமைத்து வைத்துவிட்டு என்னிடம், "இன்னிக்கு ஒரு நாளு மீனுன்னு வாயத் தொறந்துடாதீங்க. மழை, வெயிலுன்னு ஏதாச்சும் பேசுங்க" என்றாள். எனக்கு மழையும் தெரியாது வெயிலும் தெரியாது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

அவர்கள் பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். நல்ல மனிதர்கள். அவர் நெற்றியில் விபூதி, அந்த அம்மா கையில் பிரசாதம். அவர் ஏதோ பேசினார், நான் சிரித்தேன். மறுபடி பேசினார், மறுபடி சிரித்தேன். பத்து நிமிஷம் சிரித்தே ஓட்டினேன், கன்னம் வலித்துவிட்டது. இலை போட்டு உட்கார்ந்ததும் அந்த அம்மா என்னைப் பார்த்து, என்ன வேலை செய்கிறீர்கள் என்ற மாதிரி கேட்டார். அவ்வளவுதான். "ஐ கேட்ச் ஃபிஷ்" என்றேன். நாற்பத்தொரு கூட்டாளிகளும் வாசலில் வந்து நின்றுகொண்டார்கள், காவ்யா. கேட்ச் ஃபிஷ், செல் ஃபிஷ், க்ளீன் ஃபிஷ், ஃப்ரெஷ் ஃபிஷ், ஃப்ரைடு ஃபிஷ், ஃபிஷ் கறி, ஃபிஷ் ஹெட் என்று நான் ஒப்பித்துக்கொண்டே போகிறேன், உன் அம்மா பின்னாலிருந்து கிள்ளிக்கொண்டே இருக்கிறாள், நிறுத்த முடியவில்லை. அந்த அம்மா வடையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பையனின் அப்பா எச்சில் விழுங்கினார், கடிகாரத்தைப் பார்த்தார், நான் ஃபிஷ் ஹெட்டுக்கு வந்தபோது இரண்டாம் தரம் பார்த்தார். பாயசத்தை இருவரும் தொடவேயில்லை. தங்கள் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டு எழுந்தார்கள். வாசலில் நின்று கடல் பக்கம் கையைக் காட்டி அவர் என்னவோ கேட்டார். டுமாரோ மட்டும் புரிந்தது. நாளைக்கே ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்று புரிந்துகொண்டு எஸ், எஸ் என்று தலையாட்டினேன். கார் ஓட்டி வந்தவர்தான் போகும்போது சொன்னார், சனிக்கிழமை விரதமாம், குளத்தில் முழுகி எள் தீபம் ஏற்றிவிட்டு வந்திருக்கிறார்கள், சைவச் சாப்பாடு மட்டும்தானாம், இன்றைக்கு மீன் பேச்சே கூடாதாம். விரதம் இருப்பவரின் இலை முன்னால் உட்கார்ந்து நான் மீனை வறுத்திருக்கிறேன்.

உன் அம்மா இங்கிலீஷ் நோட்டைக் கருவாடு மடிக்க எடுத்துக்கொண்டாள், நானும் தடுக்கவில்லை. முப்பத்தைந்து வருஷமாகக் கடலுக்குப் போகிறேன், என் தொழிலைச் சொல்ல ஒரு நாளும் கூச்சப்பட்டதில்லை. இன்றைக்குக் கூச்சப்பட்டேன். அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்தத் தம்பியிடம், என் அப்பா வாயால் கெட்டது, என் மேல் தப்பில்லை என்று சொல்லிவிடு. அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அழாதே. அழுதாலும் வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு அழு. கடலம்மா உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள்.

இப்படிக்கு,
இனி தமிழ் மட்டுமே பேசப்போகும் உன் அப்பா,
சொக்கநாதன்.

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. மேலே உள்ளதைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். இவ்வளவு எழுதியதை வீணாக்க மனசு வரவில்லை, நீ படிக்காத மாதிரி வைத்துக்கொள். விடிந்ததும் ஏலக்கரைக்குப் போனால் அங்கே எனக்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும் நிற்கிறார்கள். நேற்று அவர் கேட்டது நாளைக்குப் படகு எத்தனை மணிக்குக் கரைக்கு வரும் என்பதாம், கார் ஓட்டி வந்தவர் சொன்னார். அவர்கள் ஊரில் மீனில்லாமல் சோறு இறங்காதாம், விரதம் முடியும் நேரத்துக்காகத்தான் கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்திருக்கிறார். செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து ஒரு கொடுவா மீனை அவரே பொறுக்கினார், நான் எடுத்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மா நம் அடுப்படியில் அரிவாள்மனையைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடுகை அரைத்து மீனில் போடுகிறார், உன் அம்மா தடுத்தும் கேட்கவில்லை. தின்றால் நன்றாகத்தான் இருந்தது. தலையை ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம்.

கை கழுவி வந்ததும் அவர் சுவரில் இருந்த உன் போட்டோவைக் காட்டி "மை டாட்டர்" என்றார். இவ்வளவு பெரிய வாத்தியார் இப்படித் தப்பு விடுகிறாரே என்று மரியாதை குறையாமல் திருத்தினேன்: "நோ சார். யுவர் சன். மை டாட்டர்." அவர் கேட்கவில்லை, உன் போட்டோவையே தொட்டு மறுபடி அதையே சொன்னார். நானும் விடவில்லை, மறுபடி திருத்தினேன். மூன்றாம் தரம் வாயெடுத்தபோது உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அவரு சரியாத்தாங்க சொல்றாரு. நீங்க செத்த சும்மா இருங்க" என்றாள். சும்மா இருந்தேன், காவ்யா. அதன் பிறகு எனக்குத் தமிழும் வரவில்லை.