கேமராவுக்கு நெத்தி எது?

வியாழக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. சேலம் அஸ்தம்பட்டிக்குப் போய் ஒரு கேமரா வாங்கிக்கொண்டு வருவது.

காரணம் சரசு, என் ஊட்டுக்காரி. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவே வேன் பிடித்து கன்னியாகுமரி கிளம்புகிறது.

"கடலுக்கு மேல சூரியன் எந்திரிக்கும்போது என்னைய நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுக்கோணுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்" என்றாள்.

அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்கிறேன். பார்த்தவர்கள் எல்லாம் மாப்பிள்ளைக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்திருக்கிறார்கள்.

நான் புதுச்சத்திரம் பக்கம் ஒரு எடை மேடையில் ராத்திரி வேலை பார்க்கிறேன். லாரி ஏறும், எடை பார்ப்பேன், சீட்டு கிழித்துக் கொடுப்பேன். சூரியன் வேலைக்கு வரும்போது நான் ஊட்டுக்குக் கிளம்புவேன். இத்தனை வருஷமாக நாங்கள் ரெண்டு பேரும் ரோட்டில் பார்த்துக்கொள்வதோடு சரி.

ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் கேமரா வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். முக்கால்வாசி வாத்தியார் ஆகிவிட்டேன். உள்ளே வெளிச்சத்தை வாங்குகிற சென்சார் பெரிசாக இருக்க வேண்டும். டிஜிட்டல் ஜூம் கண்கட்டு வித்தை, லென்ஸ் நீண்டு எடுக்கிற ஜூம்தான் நிஜம். மங்கலான வெளிச்சத்திலும் படம் துலக்கமாக விழ வேண்டும். இத்தனையும் சட்டைப் பையில் அடங்க வேண்டும். அதற்காகவே இருப்பதில் பெரிய பை வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, சரசுவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கடையில் ஒரு பெண், "எந்த மாதிரி பாக்கறீங்க சார்?" என்று கேட்டதுதான் தாமதம். சென்சாரில் ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு குட்டிக் கேமராவை எடுத்து வைத்தார்.

"இதென்னங்க, சோப்பு டப்பாவாட்டம் இருக்குது" என்றாள் சரசு.

அப்புறம் விலையைப் பார்த்தாள். பக்கத்திலேயே தும்பிக்கை மாதிரி லென்ஸ் நீட்டிக்கொண்டு ஒரு பெரிய கேமரா, பாதி விலைக்கு.

"ஏஞ்சாமி, அது அத்தாம் பெருசு, வெல கம்மி. இது இத்தினியூண்டு, வெல சாஸ்தியா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

"கேமராவ எடை போட்டு வாங்கக்கூடாது சரசு" என்றேன், எடை போட்டே சோறு தின்கிற நான். "இதுக்கு உள்ள இருக்கற சென்சார் பெருசு."

"உள்ளாற பெருசா இருக்குதுன்னு பிரிச்சுப் பாத்தீங்களாக்கும்?"

அந்தப் பெண் சிரிப்பை மறைக்க அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பையில் போட்டுப் பார்த்தேன். கச்சிதம். குனிந்தால் விழுமா என்று குனிந்தேன். விழுந்தது. அந்தப் பெண் பாய்ந்து பிடித்துவிட்டு, "கையில மாட்டிக்கற கயிறு பெட்டியிலயே இருக்குதுங்க சார்" என்றார்.

அதோடு விட்டேனா? "மங்கலான வெளிச்சத்துல பாக்கோணுங்க. சித்த லைட்ட அணைக்க முடியுமா?"

அணைத்தார்கள். பில் போடும் இடத்திலிருந்து ஒருவர், "கரண்டு போயிருச்சா? ஜெனரேட்டரப் போடுங்கப்பா" என்று சத்தம் போட்டார். அந்த இருட்டில் சரசுவை ஒரு படம் எடுத்தேன். மூக்குத்திக் கல் வரைக்கும் தெரிந்தது.

"அட, நல்லாத்தான் இருக்கறேன்" என்றாள். வாங்கிவிட்டோம்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் புதுசாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் ஓட்ட மாட்டோம். போர் போடுகிற ரிக் வண்டி, தறி, மிக்சி, எங்கள் எடை மேடைக் கம்ப்யூட்டர், எல்லாம் சந்தனம் குங்குமத்தோடுதான் இருக்கும். ஊட்டுக்கு வந்ததும் சரசு கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, இதுக்கு நெத்தி எது?"

எந்த வீடியோவிலும் இதைச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் நிபுணன் ஆயிற்றே. சுவிட்சைப் போட்டேன். லென்ஸ் வெளியே வந்தது. "கண்ணாடியில படாம, இந்தக் குழாய்க்கு மேல வை" என்றேன்.

அழகாக, வட்டமாக வைத்தாள். சூடம் காட்டினாள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பக்தியோடு சுவிட்சை அணைத்தேன்.

லென்ஸ் உள்ளே போனது. பொட்டும் கூடவே போனது. உள்ளேயிருந்து மணல் லாரி கியர் மாற்றுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"முழுங்கிருச்சுங்க" என்றாள் சரசு.

திரும்பவும் போட்டேன். கரகரவென்று லென்ஸ் வெளியே வந்தது, கண்ணாடியெல்லாம் குங்குமத்தோடு. பஞ்சு வைத்துத் துடைத்தேன். சந்தனம் போய்விட்டது. கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒரு சிவப்புத் தீற்றல் மட்டும் போகவே இல்லை. கடைக்குப் போன் போட்டேன்.

"தண்ணி ஏதாச்சும் பட்டுச்சுங்களா சார்?"

"இல்லீங்க. பொட்டு."

"வாரண்டியில பொட்டு வராதுங்க சார். சர்வீசுக்குக் குடுத்தா ஒரு வாரம் ஆகும்."

கன்னியாகுமரி வரைக்கும் சரசு என்னோடு பேசவில்லை. ஜன்னலோடு பேசிக்கொண்டு வந்தாள்.

விடிந்தது. கடலுக்கு மேல் ஒரே மேகம். சூரியன் வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. நான் வேலைக்குப் போகாத அன்றைக்கு அதுவும் லீவு போட்டுவிட்டது. வேனில் வந்தவர்கள் போனை நீட்டி நீட்டிப் பார்த்து ஓய்ந்துபோனார்கள். எல்லாப் போனிலும் சாம்பல்.

சரசு மட்டும் பாறை மேல் ஏறி நின்றாள். "வந்ததுக்கு எடுத்துப்போடுங்க."

எடுத்தேன். திரையைப் பார்த்தேன். அவள் தலைக்கு மேல், மேகத்துக்கு நடுவில், செக்கச்செவேல் என்று ஒரு வெளிச்சம் பரவியிருந்தது.

சரசு கேமராவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். அதற்குள் வேனே எங்களைச் சூழ்ந்துவிட்டது. "எங்க போன்ல எல்லாம் வரலையே, உங்களுக்கு மட்டும் எப்படிங்க சூரியன் வந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சரசு முந்திக்கொண்டாள்.

"உள்ளாற சென்சார் பெருசுங்க."