உயிர் நீக்கிய சம்மதம்

சுருட்டுப் பிடிப்பவர், சீட்டாடுபவர், ஊர்வம்பு அளப்பவர் எல்லாரையும் உங்களுக்குத் தெரியும். மொழி செய்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு தலையெடுத்த இனம் இது. இனிமேல் பிரெஞ்சா, ஹிந்தியா, இங்கிலீஷா என்று ஊரே குழம்பி நின்றபோது, எதற்கு வம்பு என்று சொந்தமாக ஒன்றைச் செய்துகொள்ள உட்கார்ந்தவர்கள்.

பிரெஞ்சு மரியாதைப்படி எங்கள் தெரு 'முசியே' என்று அழைத்த இராமதாஸ் கோர்ட்டு குமாஸ்தா. செத்துப்போன எபிரேய மொழியை இஸ்ரேலில் மறுபடி பேசவைத்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் படித்த அன்றே, பிரெஞ்சுக்குத் தங்கை முறையாக ஒரு மொழியைப் பெற்று அதற்கு எபிரேயச் சாயலை ஊட்டுவது என்று முடிவுகட்டி, பாதிரியார் ஒருவரிடம் எழுத்து வரிசையை வாங்கி, கிடைத்த காகிதத்திலெல்லாம் வலமிருந்து இடமாகக் கிறுக்கி, அடித்தொண்டையிலிருந்து வரவேண்டிய ஒரு 'ஃக'வை விடியற்காலையில் கிணற்றடியில் சாதகம் செய்தார். பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் பரிதாபப்பட்டுச் சுக்குக் கஷாயம் கொண்டுவந்தாள். குடித்தார். ஒலி கெட்டுவிட்டது என்று அவளையே கோபித்துக்கொண்டார்.

எழுத்துக்கும் ஒரு விதி வந்தது. எபிரேயத்தில் மெய்யை எழுதினால் போதுமாம், உயிரைப் படிப்பவரே போட்டுக்கொள்வாராம். இவர் அதை இன்னும் கடுமையாக்கினார். உயிரெழுத்து ஒன்றுகூடத் தாளில் தங்கக்கூடாது.

அந்தத் தை மாசம் அவர் மகள் சுலோசனாவுக்குக் காரைக்காலிலிருந்து வரன் வந்தது. பையன் வாத்தியார். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. மாசம் முடிவதற்குள் சம்மதத்தை எழுதிப் போடச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இவருக்கும் பரம திருப்தி. புது மொழியின் முதல் கடிதம் மங்கள காரியத்துக்கே போகட்டும், பிரெஞ்சு படித்த சம்பந்திக்குப் புரியாமலா போகும் என்று உட்கார்ந்தார். ஒரே சொல் போதும். 'ஆமாம்' என்பதற்குப் பிரெஞ்சில் 'வீ' என்பார்கள். எழுத்தில் அது ஓ, உ, இ. மூன்றும் உயிர். விதிப்படி மூன்றையும் நீக்கிச் சுத்தப் பிரதி எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டார். 'இல்லை' என்று எழுதியிருந்தாலாவது ஏதாவது மிஞ்சியிருக்கும். 'நோன்' என்பதில் முன்னும் பின்னும் மெய் காவலுக்கு நிற்கிறது.

மனைவி குஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுமே எழுதலியே?"

"படிக்கத் தெரிஞ்சவனுக்குத் தெரியும்" என்று உறையை ஒட்டினார் முசியே.

மேல்விலாசத்தைப் பிரெஞ்சில் எழுதியதால் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு வாரத்தில் பதிலும் வந்தது. கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுத்தாள் கிடைத்ததாம். மனம் நோகாமல் மறுத்த பண்புக்கு நன்றியாம். பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயம் செய்துவிட்டார்களாம்.

சுலோசனா அதை இரண்டு தரம் படித்தாள். "நீங்க ஆமான்னுதானேப்பா எழுதுனீங்க?" என்று மட்டும் கேட்டாள். முசியேயோ மொழியில் ஒரு சின்னக் குறை இருப்பதைப் பெரிய மனசோடு ஒப்புக்கொண்டு, 'ஆமாம்' என்பதற்குப் புது எழுத்து ஒன்று யோசிக்க ஆரம்பித்தார்.

நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் சற்று முன் உங்கள் வீட்டில் யாரோ ஏதோ கேட்டார்கள். நீங்களும் மனசுக்குள் சரி என்று சொல்லிவிட்டு, வாயைத் திறக்காமல் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். கேட்டவர் இன்னும் கதவோரம் நிற்கிறாரா, போய்விட்டாரா?