முட்டி டாக்டருக்கு முட்டி வலி

"மோதிரம் கழல மாட்டேங்குது. பரவாயில்ல, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார் முட்டி டாக்டர், ஏதோ பெரிய மனது பண்ணுகிறவர் மாதிரி.

ஸ்கேன் அறை டெக்னீஷியன் விடுவதாக இல்லை. சோப்பு நுரையைத் தடவி ஒரே இழுப்பில் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

டாக்டர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். இருபது வருஷமாக முட்டி வலி என்று வந்தவர்களையெல்லாம் எம்.ஆர்.ஐ. எடுத்துவரச் சொல்லி அனுப்பியவர் அவர். "அந்தக் குழாயை நெனச்சாலே பயமா இருக்கு டாக்டர்" என்று யாராவது இழுத்தால், "வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்று ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் சீட்டையே கொடுப்பார். ஆனால் அவர் ஸ்கேன் அறையின் வாசலைக்கூட மிதித்ததில்லை. படங்கள்தான் அவரைத் தேடி வரும்.

காரணம் அவருக்கு மட்டுமே தெரியும். லிஃப்ட் கதவு மூடினாலே அவருக்கு வேர்த்துக் கொட்டும். அதனால்தான் மூன்றாவது மாடிக்குப் படியேறிப் போய், வழுக்கி விழுந்து, முட்டி வீங்கி இங்கே வந்து நிற்கிறார். இது வெளியே தெரிந்தால் அப்புறம் எந்த நோயாளி அவரை மதிப்பார்?

"எனக்கு முதுகு பிடிச்சிருக்கு. மல்லாந்து படுக்க முடியாது" என்று அடுத்த அஸ்திரத்தை எடுத்தார்.

"அப்போ மயக்கம் குடுத்துத்தான் எடுக்கணும் சார். மயக்க டாக்டரை வரச் சொல்றேன்."

தப்பித்தோம் என்று நிமிர்ந்தவர், உள்ளே வந்த மயக்க டாக்டரைப் பார்த்ததும் சுருங்கிப் போனார். அது அவருடைய மனைவி.

"முதுகு வலியா? நேத்து வரைக்கும் முட்டி மட்டும்தானே?"

"விழுந்ததுல அதுவும் சேந்து பிடிச்சுக்கிச்சு."

"பயமா இருந்தா சொல்லுங்க. நான் சிரிக்க மாட்டேன்."

"பயமா? எனக்கா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். வீம்பு யாரை விட்டது?

"சரி, வெறும் வயித்துலதானே இருக்கீங்க?"

"பச்சத் தண்ணி கூடப் படல."

"அப்போ காலையில நாலு ரொட்டி, ரெண்டு முட்டை, என் தட்டுல இருந்த பாதி, இதெல்லாம் யாரு சாப்பிட்டது? ஆறு மணி நேரம் போகட்டும். அதுக்கு முன்னாடி நான் ஊசி போட மாட்டேன்."

முதுகுப் பக்கம் நாடா கட்டிய ஆஸ்பத்திரி அங்கியோடு, சக்கர நாற்காலியில், வராந்தா ஓரமாக உட்கார வைத்தார்கள். போகிற வருகிற நோயாளிகளெல்லாம் நின்று நலம் விசாரித்தார்கள். போன வாரம் அவரிடம் திட்டு வாங்கிய தையல்காரம்மா, முட்டி ஸ்கேனுக்கு உள்ளே போய், அரை மணியில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"உங்களுக்கு இன்னும் ஆகலயா டாக்டர்?"

"எனக்குக் கொஞ்சம் சிக்கலான கேஸும்மா."

இந்தம்மாவுக்கு இருக்கிற நெஞ்சுரம் நமக்கு இல்லையே என்று டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் 'சிக்கலான கேஸ்' என்ற பேச்சு மாடி ஏறிப் போய், முதுகெலும்பு முறிவாகி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லையாம் என்று கீழே இறங்கி வந்தது. எலும்பு வார்டு நர்ஸ் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் மூன்று மணிக்கு மனைவி ஊசி போட்டார். டாக்டர் ஐந்து வரைக்கும் எண்ணினார். கண் விழித்தபோது கட்டிலைச் சுற்றி மனைவி, டெக்னீஷியன், நர்ஸுகள், தையல்காரம்மா.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு" என்றார் மனைவி.

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே பழைய மிடுக்கும் வந்தது.

"பாத்தீங்களா? அத்தனை நேரம் அந்தக் குழாய்க்குள்ள இருந்துட்டு வந்திருக்கேன். முகத்துல ஒரு சுருக்கம் இருக்கா? இதுக்குப் போயி ஜனங்க என்னமா நடுங்குறாங்க!"

டெக்னீஷியன் தலையைச் சொறிந்தார்.

"நீங்க எங்க சார் உள்ள போனீங்க? முட்டி ஸ்கேனுக்குக் கால் மட்டும்தான் உள்ள போகும். தலை எல்லாருக்குமே வெளியதான் இருக்கும்!"