இரண்டாவது பிரேக்

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. அறைத்தோழிக்கு வாசித்துக் காட்டிச் சிரிக்காதே, படித்ததும் கிழித்துவிடு. நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பா நலம். நான் நாளைக் காலை ஆறு மணிவரை நலம்.

போன மாதம் உன் ஹாஸ்டலுக்குத் தாமதமாக வந்ததற்குப் பஞ்சர் என்று சொன்னோமே, அது பொய். மாநில எல்லை தாண்டியதும் போலீஸ் நிறுத்திவிட்டது. நம் டிரைவிங் ஸ்கூல் காரில், வாத்தியார் உட்காரும் சீட்டுக்கு முன்னால் இரண்டாவது பிரேக் இருக்கிறதல்லவா, அங்கே நான் உட்கார்ந்திருந்தேன். போலீஸ்காரர் குனிந்து, "பாப்பா, பிரேக் உன் கால்கிட்ட இருக்கு. அப்ப நீதான் வாத்தியார். லைசென்ஸை எடு" என்றார். "எங்க பக்கம் அது சும்மா சீட்டுங்க" என்றார் அப்பா. "உங்க சட்டம் அந்த எல்லைக் கம்பத்தோட முடிஞ்சுபோச்சு சார்" என்று சொல்லி அபராத ரசீதை நீட்டினார். அப்பா அதைப் படிக்காமலே பையில் திணித்துக்கொண்டார். "ஊருக்கே ஓட்டக் கத்துக்குடுத்தவன் நான். இன்னொரு தடவை மாட்டினா ஸ்கூலையே மூடணும். இனிமே அந்தப் பக்கம் போறதில்ல" என்றார், வரும் வழியெல்லாம்.

அதிலிருந்து வீட்டில் பேச்சே இல்லை. நாள் முழுக்க "கியரை மாத்து, கியரை மாத்து" என்று கத்திவிட்டு வருகிறவருக்கு என்னிடம் சொல்ல "கதவைச் சாத்து" மட்டும்தான் மிச்சம். துவைத்த துணியை உன் கட்டிலில்தான் குவித்து வைக்கிறேன். இருட்டில் யாரோ படுத்திருப்பதுபோல் இருக்கிறது.

பிரேக் இல்லாவிட்டால் குற்றமும் இல்லை, மறுபடி உன்னைப் பார்க்க வரலாம் என்று, இன்று அவர் குளிக்கும்போது அதைக் கழற்றிவிட்டேன். மூன்று நட்டு வந்தது, சரி. கூடவே ஒரு கம்பியும் வந்தது. அது நான் கழற்றிய பிரேக்குடையதா, ஓட்டுகிறவர் கால்கிட்ட இருக்கும் பிரேக்குடையதா என்று தெரியவில்லை. காலை ஆறு மணி வகுப்புக்கு வருபவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். அதற்குள் சொல்லியாக வேண்டும். மூன்று முறை அப்பாவின் அறைவரை போய், "தண்ணி வேணுமாப்பா" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். மூன்று முறையும் குடித்தார். என்ன செய்யலாம், உடனே எழுது. இது உன் கைக்கு வர நான்கு நாளாகும் என்று தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

பி.கு.: அந்த ரசீதை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அபராதம் பிரேக்குக்கு இல்லையாம். கூரைமேல் இருக்கும் 'பயிற்சி வண்டி' பலகைக்காம். அங்கே அதை இறக்கிவிட்டுத்தான் ஓட்ட வேண்டுமாம். அப்பா ஒற்றைக் கையால் தூக்குகிற பலகை. கதவைத் தட்டுகிறார். "முழிச்சிருக்கியாம்மா? எனக்கும் தூக்கம் வரல. காலைல வகுப்பு வேணாம்னுட்டேன். சட்டமாவது ஒண்ணாவது, இப்ப கெளம்பினா விடியறப்ப அக்காகிட்ட இருக்கலாம். வா, நான் வண்டிய எடுக்கறேன்" என்கிறார். செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போகிறது. அக்கா, நான் போய்